பையனுக்கு ஏடிஎச்டி மாத்திரை எழுதியிருக்கிறார்கள்: பின்னாளில் இது போதைக்கு வழி விடுமா?

பிறைவாசி · திங்கள், இரவு 9.48

எல்லாருக்கும் வணக்கம். மகன் படிவம் 2 படிக்கிறான். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் "சுட்டி" என்ற பேரோடு எப்படியோ ஓட்டிவிட்டான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாம் கலைந்துவிட்டது. வீட்டுப்பாடம் பாதியில் நிற்கிறது, பை எங்கே என்றால் தெரியாது, ஒரு வார்த்தை சொன்னால் கதவை அறைகிறான். பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியை சொல்லி, கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) கடிதம் வாங்கி, மாதக்கணக்கில் காத்திருந்து மனநல மருத்துவரைப் பார்த்தோம். ஏடிஎச்டி (கவனச்சிதறல், மிகைத் துடிப்புக் கோளாறு) என்று உறுதி செய்து, மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்கிறார்.

எனக்குப் பயம் பக்கவிளைவு இல்லை, என் தம்பி. பதினைந்து வயதில் சிகரெட், அப்புறம் கஞ்சா, அப்புறம் ஹெராயின், நடுவில் ஷாபு (மெத்தாம்ஃபெட்டமின்). இப்போது ஹெராயினுக்கு மாற்றாகக் கிளினிக்கில் தரும் மெத்தடோனைத் தினமும் குடித்து ஓரளவு நிமிர்ந்திருக்கிறான். சின்ன வயதில் அவனும் அச்சு அசல் என் மகன் மாதிரிதான். அம்மா மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒருத்தனைப் பார்த்தது போதாதா, பேரனுக்கு உன் கையாலேயே கொடுக்கப் போறியா" என்று அழுகிறார். தேடிப் பார்த்தால் இந்த மருந்தும் ஷாபுவும் ஒரே வகை என்று வேறு வருகிறது.

ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் போதைக்குப் போவது அதிகம் என்பது உண்மையா? மாத்திரை கொடுத்தால் அந்த ஆபத்து கூடுமா, குறையுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீகோரேங் · திங்கள், இரவு 9.55

அக்கா, முதலில் கூகிளை மூடுங்கள். அங்கே கொட்டாவிக்குத் தேடினாலும் மூளைக் கட்டி என்றுதான் வரும். மருந்தகத்தான் அண்ணன் வேலை முடிந்து வருவார், அவர் சொல்லட்டும்.

முன்னாள்வாத்தியார் · திங்கள், இரவு 10.20

அம்மா, நான் நிபோங் திபால் பக்கம் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் இந்தப் பேர் கிடையாது. ஓர் இடத்தில் உட்காராத பையன் வகுப்புக்கு இரண்டு பேர் இருப்பான், ரோத்தான் (பிரம்பு) இருக்கும், கபடித் திடல் இருக்கும். பலர் நன்றாகவே வந்தார்கள். கைபேசியைப் பிடுங்குங்கள், நேரத்துக்குத் தூங்க வையுங்கள், சிலம்பத்தில் சேருங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மூளை மாத்திரை என்பது எனக்கு ஒப்பவில்லை.

மருந்தகத்தான் · திங்கள், இரவு 11.05

பிறைவாசி அக்கா, நான் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் மகனின் கோப்பு என் கையில் இல்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் ஆம். 2011-ல் பல நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. சிறுவயதில் ஏடிஎச்டி இருந்தவர்களுக்குப் பின்னாளில் நிக்கோட்டின் அடிமைத்தனம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. மது, கொக்கேய்ன் சிக்கல் இரண்டு மடங்கை ஒட்டி. கஞ்சா ஒன்றரை மடங்கு. இதைப் படித்துவிட்டு "என் பையன் போய்விடுவான்" என்று நினைக்கக் கூடாது. ஏடிஎச்டி உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தப் போதைக்கும் அடிமையாவதில்லை.

இரண்டாவது கேள்விதான் கவுண்டரில் நான் அடிக்கடி கேட்பது. மெத்தில்ஃபெனிடேட், கொக்கேய்ன், ஷாபு எல்லாமே மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைக் கூட்டுகின்றன. அது பொய் இல்லை. அமெரிக்காவில் நோரா வோல்கோவ் குழு 1990-களில் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தது. மெத்தில்ஃபெனிடேட்டும் கொக்கேய்னும் ஒரே இடத்தில்தான் போய் ஒட்டுகின்றன. வேறுபாடு வேகத்தில். புகையாகவோ ஊசியாகவோ போனால் டோபமின் சில நொடி, சில நிமிடத்தில் எகிறும், அந்த எகிறல்தான் போதை. மாத்திரையாக விழுங்கினால் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், "கிக்" வராது. மழை ஒன்றுதான் அக்கா. நாள் முழுக்கத் தூறினால் செடி குடிக்கும், அரை மணியில் கொட்டினால் ஜெலுத்தோங் சாலையில் கார் மிதக்கும். இதே மாத்திரையை நொறுக்கி மூக்கில் இழுத்தால் கதை மாறும். அதனால்தான் மெல்லக் கரையும் வகையை டாக்டர்கள் விரும்புகிறார்கள். காலையில் வீட்டில் ஒன்று போட்டால் பள்ளி முடியும் வரை தாங்கும், பையில் மாத்திரை போக வேண்டியதில்லை.

மருந்து கொடுத்துப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வுகள் நிறைய. 2013-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மருந்து எடுத்தவர்களுக்குப் பின்னாளில் போதை ஆபத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றது. 2014-ல் ஸ்வீடன் தேசியப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில் மருந்து எடுத்தவர்களிடம் போதைச் சிக்கல் 31 விழுக்காடு குறைவு. 2017-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 30 லட்சம் பேரின் காப்பீட்டுப் பதிவைப் பார்த்தார்கள். ஒரே ஆள் மருந்து எடுத்த மாதங்களையும் எடுக்காத மாதங்களையும் ஒப்பிட்டதில், எடுத்த மாதங்களில் போதை சார்ந்த மருத்துவமனைச் சம்பவங்கள் ஆண்களிடம் 35, பெண்களிடம் 31 விழுக்காடு குறைவு. ஆக, விவாதம் "ஒன்றும் செய்யாது" என்பதற்கும் "குறைக்கும்" என்பதற்கும் நடுவில் நடக்கிறது. உங்கள் அம்மா பயப்படுகிற பக்கம் இந்த ஆய்வுகளில் எதுவும் இல்லை.

சந்தேகப்பேர்வழி · திங்கள், இரவு 11.31

அண்ணே, எண்களுக்கு நன்றி. ஆனால் பதிவேட்டு ஆய்வு என்றால், ஒழுங்காக மருந்து வாங்கப் போகிற குடும்பம் ஏற்கெனவே கொஞ்சம் ஒழுங்கான குடும்பமாகத்தான் இருக்கும். மருந்து காப்பாற்றியதா, குடும்பம் காப்பாற்றியதா?

இன்னொன்று. நம் ஆட்களின் போதைக் கதையை மொத்தமாக மூளைக்குள் தள்ளிவிடாதீர்கள். தோட்டத்தில் கள்ளுக்கடையை அனுமதித்து வைத்தது நிர்வாகம். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. அப்புறம் மலிவுச் சாராயமான சம்சு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எத்தனை ஆண்டு தொண்டை கிழியக் கத்தியது! தோட்டம் மேம்பாட்டுக்குப் போய், குடும்பங்கள் அடுக்குமாடிக்கு வந்து, பையன்கள் படிக்கட்டுக்கு அடியில் வளர்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் டோபமின் குறைவு என்றா சொல்வது?

செராஸ்காரி · செவ்வாய், காலை 7.12

கேஎல்-இல் மறுவாழ்வுத் துறையில் ஆலோசகராக இருக்கிறேன். எல்ஆர்டியில் நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பேர்வழி கேட்ட முதல் கேள்வி சரியான கேள்வி. அதற்காகத்தான் அந்த 2017 ஆய்வு ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிட்டது. குடும்பம், தெரு, படிப்பு எல்லாம் அங்கே மாறாது. ஆனாலும் முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மனசு நன்றாக இருக்கும் மாதத்தில்தான் ஒருவர் மருந்தையும் ஒழுங்காக எடுப்பார்.

இரண்டாவது விஷயத்தில், ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை. அந்த அடுக்குமாடியில் நூறு பையன்கள் இருந்தார்கள், நூறு பேரும் போகவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் லாரி ஓட்டி வீடு கட்டினான், தம்பி படிக்கட்டுக்கு அடியிலேயே நின்றுவிட்டான். படிக்கட்டில் கஞ்சா நீட்டப்படும்போது "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்ல வைக்கும் அந்த ஒரு நொடி இருக்கிறதே, ஏடிஎச்டி உள்ளவனுக்கு அது கிடைப்பதில்லை. நாளைய பெரிய பலனைவிட இப்போதைய சின்னப் பலன்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் சீக்கிரம் ஆரம்பிக்கிறான். எந்தப் பொருளையும் எவ்வளவு சின்ன வயதில் தொடுகிறோமோ அவ்வளவு பிடி. இது ஒரு வழி.

இன்னொரு வழி மெதுவானது. தினமும் திட்டு. வகுப்பில் "பொடோ" (முட்டாள்) பட்டம், கடைசி வகுப்பு, வெளியே நிற்க வைப்பது. எட்டு வயதிலிருந்து "நீ உருப்பட மாட்டாய்" என்று கேட்டவன் பதினான்கில் யாரோடு போய் நிற்பான்? அவனை வா என்று கூப்பிடுகிற கூட்டத்தோடுதான். ஏடிஎச்டி-யோடு சண்டை, திருட்டு, பள்ளிக்கு மட்டம் என்று நடத்தைக் கோளாறும் சேர்ந்துவிட்டால் போதை ஆபத்து பல மடங்கு எகிறும். ஆய்வுகளில் பெரிய எண்கள் வருவது அந்தச் சேர்க்கையில்தான்.

மரபும் உண்டு. இரட்டையர் ஆய்வுகளில் ஏடிஎச்டி-யின் மரபுப் பங்கு சுமார் 74 விழுக்காடு. ஸ்வீடனில் உறவினர்களைப் பார்த்தபோது, ஏடிஎச்டி உள்ளவரின் ரத்த உறவுகளுக்கு, தங்களுக்கே ஏடிஎச்டி இல்லாவிட்டாலும், போதைச் சிக்கல் கூடுதலாக இருந்தது. நெருங்கிய உறவு என்றால் இன்னும் கூடுதல். அக்கா, உங்கள் மகனும் தம்பியும் ஒரே சாடையில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

முன்னாள்வாத்தியார் · செவ்வாய், காலை 8.40

ஆலோசகர் அம்மா ரோத்தானைக் குறை சொல்கிறார், புரிகிறது. ஆனால் அடித்தோம் என்றால் அக்கறை இல்லாமல் அடிக்கவில்லை.

செராஸ்காரி · செவ்வாய், மதியம் 1.05

ஐயா, அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. அடிக்குப் பயந்து உட்காரும் பையனால் அடுத்த பத்து நிமிடம் உட்கார முடியும். கவனம் வருமா என்பதுதான் கேள்வி. நீங்கள் முதலில் சொன்ன தூக்கம், திடல், ஒழுங்கான நேரம் மூன்றும் சிகிச்சையிலேயே இருப்பவை. நம் சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டியிலும் பெற்றோர்ப் பயிற்சி, நடத்தைச் சிகிச்சை எல்லாம் உண்டு. மாத்திரை மட்டும் என்று யாரும் சொல்வதில்லை.

நைட்ஷிப்ட் · செவ்வாய், மாலை 6.22

இந்த இழையை இரண்டு தடவை படித்துவிட்டேன். பொதுவாக நான் இங்கே ஃபுட்பால் மட்டும்தான் பேசுவேன்.

பாயான் லெப்பாஸில் டெக்னீஷியன். முப்பது தாண்டித்தான் ஏடிஎச்டி என்று சொன்னார்கள். அதற்கு முன்னால் சிகரெட் படிவம் 1-லேயே. எஸ்பிஎம் (படிவம் 5 அரசாங்கத் தேர்வு) முடித்து ஃபேக்டரிக்கு வந்ததும் கெத்தும், அந்த இலையை வேகவைத்த தண்ணீர். வடக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸோடு விற்பார்கள். லாரிக்காரர், கடலுக்குப் போகிறவர், ஓவர்டைம் செய்கிறவர் எல்லாம் குடிப்பது. கொஞ்சமாகக் குடித்தால் சுறுசுறுப்பு, நிறையக் குடித்தால் மந்தம். அப்புறம் பனிரெண்டு மணி நேர ஷிப்டுக்கு ஷாபு கலந்த குதிரை மாத்திரை. அப்புறம் ஷாபு.

ஷாபுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூட இருந்தவர்கள் எல்லாம் பறந்தார்கள். நான் அமைதியானேன். தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. அறையைக் கூட்டினேன், பில்களை அடுக்கினேன், அம்மாவுக்கு போன் செய்து ஒழுங்காகப் பேசினேன். "எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்களா" என்று தோன்றியது. அந்த ஆசைதான் என்னைப் பிடித்துக்கொண்டது, போதை ஆசை அப்புறம்தான் வந்தது. அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தூக்கம் போனது, பல் போனது, சந்தேகம் வந்தது, வேலை போனது. போலீஸ், சிறுநீர்ச் சோதனை, ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) மேற்பார்வை எல்லாம் பார்த்தாயிற்று.

மேற்பார்வையில் இருந்தபோது ஒரு டாக்டர் என் தமிழ்ப்பள்ளித் தேர்ச்சிப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னார். ஒவ்வொரு ஆண்டும் வேற வேற ஆசிரியர் கையெழுத்தில் ஒரே குறிப்பு: கெட்டிக்காரன், கவனம் இல்லை. இப்போது அட்டோமோக்ஸெட்டின் என்ற ஏடிஎச்டி மருந்து எடுக்கிறேன். ஷாபு போல அது எதையும் தராது. சலிப்பான மருந்து. ஆனால் சம்பளம் வந்த அன்று முழுச் சம்பளத்தையும் தொலைக்காமல் வீட்டுக்கு வருகிறேன்.

பிறைவாசி அக்கா, எனக்குப் பதினான்கு வயதில் யாராவது ஒரு டாக்டர் சீட்டு எழுதியிருந்தால் நான் வாங்கியிருப்பேன். முடிவு உங்களுடையது.

மீகோரேங் · செவ்வாய், மாலை 6.40

நைட்ஷிப்ட் பாங், ஃபுட்பால் இழையில் உங்களிடம் நான் போட்ட சண்டை எல்லாம் ரத்து. பினாங்கு எஃப்சி பற்றிய கருத்து மட்டும் அப்படியே இருக்கும்.

சந்தேகப்பேர்வழி · செவ்வாய், இரவு 8.15

நைட்ஷிப்ட் அண்ணே, மரியாதையோடு கேட்கிறேன். ஷாபு எடுத்து அமைதியானால் ஏடிஎச்டி என்று ஆளாளுக்கு முடிவு கட்டிக்கொள்ள மாட்டார்களா?

செராஸ்காரி · செவ்வாய், இரவு 9.02

நானே எழுத நினைத்தேன். அதை வைத்து யாரும் தனக்குத் தானே பேர் சூட்டிக்கொள்ளக் கூடாது. 1978-ல் அமெரிக்காவில் எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்தை ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் ஆட்டம் குறைந்து கூடுதல் கவனத்தோடு இருந்தார்கள். ஊக்க மருந்து பலருக்கும் அப்படித்தான் வேலை செய்யும். அது நோயறியும் சோதனை ஆகாது.

மாறாக, ஷாபு எடுக்கிற பலரும் படபடப்பாக, கவனமில்லாமல், தூக்கமில்லாமல்தான் இருப்பார்கள். அதைப் பார்த்து ஏடிஎச்டி என்றாலும் தப்பு. அதனால்தான் பழைய சான்று முக்கியம். பனிரெண்டு வயதுக்கு முன்பே அறிகுறி இருந்திருக்க வேண்டும் என்பது 2013-லிருந்து அமெரிக்க மனநலக் கையேட்டின் விதி, அதற்கு முன் ஏழு வயது என்று இருந்தது. தேர்ச்சிப் புத்தகம் கேட்ட அந்த டாக்டர் கெட்டிக்காரர்.

எங்கள் துறையில் முன்பெல்லாம் "முதலில் சுத்தமாகு, அப்புறம் ஏடிஎச்டி-யைப் பார்க்கலாம்" என்பார்கள். சுத்தமாக இருக்க முடியாததற்கே ஏடிஎச்டி ஒரு காரணம் என்றால் அந்த ஆள் எங்கே போவான்? 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட உடன்பாட்டு அறிக்கை இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. போதைச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் சுமார் 23 விழுக்காட்டினருக்கு ஏடிஎச்டி இருப்பதாக 2012 தொகுப்பாய்வு ஒன்று கணித்தது. நாலில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மறுவாழ்வு மையங்களில் அத்தனை பேரை யார் கேட்கிறார்கள்? எல்லாரையும் விடியற்காலையில் எழுப்பி, வரிசையில் நிற்க வைத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து உரை கேட்கச் சொல்கிறோம். உட்கார முடியாதவனுக்கு "ஒத்துழைப்பு இல்லை" என்று கோப்பில் எழுதுகிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

நெறியாளர் · செவ்வாய், இரவு 9.30

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். எஸ்பிஎம் நேரத்துக்கு "அந்த மாத்திரை" யாரிடம் கிடைக்கும் என்று கேட்டவர் கவனிக்க: மெத்தில்ஃபெனிடேட், 1952 விஷப்பொருள் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட மனமாற்ற மருந்து. சீட்டில்லாமல் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்றும் இங்கே பேச வேண்டாம்.

பிறைவாசி · புதன், காலை 6.35

எல்லாருக்கும் நன்றி. நைட்ஷிப்ட் தம்பி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார்.

இங்கே சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வாரம் மகன் பென்சில் பையில் வேப் கிடைத்தது. மாம்பழ வாசனை. கேட்டதற்கு, "இழுத்தால்தான் கணக்குப் பாடத்தில் உட்கார முடியுது மா" என்றான். அவன் அப்பா அறைந்துவிட்டார். இதை டாக்டரிடம் சொல்வதா? சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களா? பள்ளிக்குத் தெரிந்தால் நீக்கிவிடுவார்களா?

அப்புறம் தம்பி விஷயம். மெத்தடோன் எடுக்கும்போது ஏடிஎச்டி-க்கும் பார்க்க முடியுமா?

மருந்தகத்தான் · புதன், காலை 7.50

டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள் அக்கா. வேப் பற்றிச் சொன்னதால் மட்டும் மாத்திரையை மறுப்பதில்லை. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், நிக்கோட்டினும் இந்த மருந்தும் இரண்டுமே அவற்றைக் கூட்டக்கூடியவை. உள்ளே வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்றும் கேட்பார்கள். எந்த மருந்து, எந்த வடிவம் என்று முடிவெடுக்க அவருக்கு இது தேவை.

மகன் சொன்னது பொய் இல்லை என்றே நினைக்கிறேன். நிக்கோட்டின் கொஞ்ச நேரத்துக்குக் கவனத்தைக் கூட்டும். ஏடிஎச்டி உள்ளவர்களிடம் அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சிக்கல், அது இறங்கும்போது கவனம் முன்னைவிட மோசமாகும், உடனே அடுத்த இழுப்பு. மாத்திரையால் வகுப்பில் உட்கார முடிந்தால் வேப்புக்கு அவன் சொல்லும் காரணமே போய்விடும். பழக்கம் தானாகப் போகாது, அதற்கு கிளினிக் கெசிஹாத்தானில் எம்குவிட் என்று கேளுங்கள், நிறுத்த உதவுவார்கள்.

இதை எழுதும்போது எரிச்சல் வருகிறது. 2023 மார்ச் 31 அன்று திரவ நிக்கோட்டினை விஷப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்கிற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1-ல். நடுவில் ஒன்றரை ஆண்டு. மூன்று மடங்கு ஆபத்து என்று ஆய்வு சொல்கிற அதே பொருள், மாம்பழ வாசனையோடு, பள்ளிக்கு எதிர்க் கடையில்.

வீட்டில் மாத்திரையைப் பூட்டி வையுங்கள். காலையில் நீங்களே கையில் கொடுங்கள். பரீட்சை நேரத்தில் நண்பர்கள் கேட்பார்கள், கொடுத்தால் அது விநியோகம், விளையாட்டு இல்லை என்று மகனுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். பசி குறையும், தூக்கம் தள்ளும். மாத்திரைக்கு முன்னால் நல்ல பசியாறல் கொடுங்கள், ராத்திரி பசி எடுக்கும்போது சாப்பிட விடுங்கள். உயரம், எடை எல்லாம் கிளினிக்கில் அளப்பார்கள்.

செராஸ்காரி · புதன், மதியம் 12.48

அப்பா அறைந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, வீட்டில் ஏற்கெனவே பேசியிருப்பீர்கள். ஆனால் பையன் உங்களிடம் காரணத்தைச் சொன்னான் பாருங்கள், அது பெரிய விஷயம். பதினான்கு வயதில் எத்தனை பேர் சொல்கிறார்கள்? அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும்.

தம்பிக்குப் பார்க்கலாம். மெத்தடோன் கொடுக்கும் கிளினிக்கிலேயே கேட்கச் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஏஎஸ்ஆர்எஸ் என்ற கேள்வித்தாள் ஒன்று உண்டு, முதல் ஆறு கேள்வி வடிகட்டுவதற்கு. அதில் அறிகுறி தெரிந்தால் ஏடிஎச்டி என்று ஆகிவிடாது, மனநல மருத்துவரிடம் அனுப்பக் காரணம் கிடைக்கும், அவ்வளவுதான். அப்போது நீங்கள் கூடப் போக வேண்டும். சின்ன வயதில் அவன் எப்படி இருந்தான் என்று சாட்சி சொல்ல அம்மாவும் நீங்களும்தான் இருக்கிறீர்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். பேரனுக்காக வராவிட்டாலும் மகனுக்காக வருவார்.

மருந்தகத்தான் · புதன், மதியம் 1.10

ஒரு சேர்க்கை. மெத்தடோன் இதயத்தின் மின்துடிப்பைப் பாதிக்கக்கூடியது. கூட வேறு மருந்து சேர்க்குமுன் ஈசிஜி எடுப்பது நல்லது. தம்பி எடுக்கிற எல்லாவற்றையும், கெத்தும் உட்பட, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

முன்னாள்வாத்தியார் · புதன், மாலை 5.30

பள்ளி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். வேப் பிடிபட்டால் கட்டொழுங்குப் புள்ளி வெட்டுவார்கள், எச்சரிக்கைக் கடிதம் வரும், திரும்பத் திரும்ப நடந்தால் இடைநீக்கம் வரை போகலாம். அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காதீர்கள். டாக்டர் கடிதத்தோடு கவுன்சலிங் ஆசிரியையைப் பாருங்கள். "சிகிச்சையில் இருக்கிறான், வேப்பை விட முயற்சி செய்கிறான்" என்று நீங்களே போய்ச் சொன்ன பிறகு எந்தத் தலைமையாசிரியரும் யோசிப்பார். முன் வரிசை இருக்கை கேளுங்கள். ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தால் எஸ்பிஎம்-இல் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்க வாய்ப்புண்டு. பலர் அட்டை என்றாலே முகம் சுளிக்கிறார்கள், கல்யாணச் சந்தையில் தெரிந்துவிடுமாம். பையனுக்குப் பதினான்கு வயது!

மாத்திரை பற்றி என் மனம் இன்னும் முழுக்க இறங்கவில்லை. ஆனால் வேப்பா மாத்திரையா என்று கேட்டால் டாக்டர் கையில் இருப்பதே மேல்.

சந்தேகப்பேர்வழி · புதன், இரவு 7.05

நானும் அங்கேதான் நிற்கிறேன் ஐயா. எனக்கு உறுத்துவது வேறு. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்), ஆனால் தேதி கிடைக்க மாதக்கணக்கு. அக்கா மகன் அந்தக் காத்திருப்பில்தான் வேப்பைக் கண்டுபிடித்தான். தனியாரில் போனால் ஒரு தடவைக்கே நூற்றுக்கணக்கில். தோட்டத்துக் கதையை நான் எடுத்தது அதற்குத்தான். மூளை எல்லாருக்கும் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பையனிடம் முதலில் போய்ச் சேருவது டாக்டரா, கடைக்காரனா?

நைட்ஷிப்ட் · புதன், இரவு 11.50

என்னிடம் சேர்ந்தது கடைக்காரன். இடைவேளையில் எழுதுகிறேன், அவ்வளவுதான் நேரம்.

கோலாமூடா_மகள் · வியாழன், காலை 9.20

இவ்வளவு நாள் வாசித்துவிட்டுப் போகிறவள், முதல் பதிவு. எனக்கு ஓடியாடும் அறிகுறி எதுவும் இல்லை, சின்ன வயதில் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேலைக்கு வந்த பிறகு ராத்திரி ஒயின் இல்லாமல் தலை அடங்குவதில்லை. இது பையன்களுக்கு வருவது என்றே நினைத்திருந்தேன்.

செராஸ்காரி · வியாழன், காலை 9.45

ஓடாமல், கவனம் மட்டும் சிதறும் வகையும் உண்டு சகோதரி. பெண் பிள்ளைகளிடம் அதிகம் தப்பிப் போவது அதுதான், வகுப்பில் யாருக்கும் தொல்லை தராததால் யாரும் கவனிப்பதில்லை. ஒயினையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் இருந்தால் 15555, அமைச்சின் ஹீல் எண், கூப்பிட்டுப் பேசலாம்.

பிறைவாசி · வெள்ளி, இரவு 8.30

இன்றைக்கு டாக்டரைப் பார்த்தோம். வேப் விஷயத்தை மகனே சொன்னான், நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் திட்டவில்லை. மெல்லக் கரையும் வகையில் ஆரம்பிக்கிறார், நாலு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார். மருந்தகத்தில் ஒரு பதிவுப் புத்தகத்தில் அடையாள அட்டை எண் எழுதி, கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தார்கள். அம்மா கூட வந்திருந்தார், அந்தப் புத்தகத்தை எட்டி எட்டிப் பார்த்தார்.

ஒரு சின்னக் கேள்வி. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஹாட்யாய் போகிறோம். எல்லையில் இந்த மாத்திரையால் பிரச்சினை வருமா?

மருந்தகத்தான் · வெள்ளி, இரவு 10.40

வரலாம் அக்கா. தாய்லாந்திலும் இது கட்டுப்பாட்டு மருந்து. பயண நாட்களுக்கு வேண்டியதை மட்டும், பேர் ஒட்டிய அசல் பெட்டியிலேயே எடுத்துப் போங்கள், பில் பாக்ஸில் கொட்டாதீர்கள். ஆங்கிலத்தில் டாக்டர் கடிதம் ஒன்று வாங்குங்கள். ஜார்ஜ்டவுனில் தாய்லாந்துத் தூதரக அலுவலகம் இருக்கிறது, அனுமதிச் சீட்டு தேவையா என்று அங்கே முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடிதம் எழுத டாக்டருக்கும் நேரம் வேண்டும், அதனால் அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள்.

மீகோரேங் · வெள்ளி, இரவு 10.44

ஹாட்யாயில் மாம்பழச் சோறு சாப்பிடுங்கள் அக்கா. மாம்பழ வேப் வாங்கிவிடாதீர்கள், தாய்லாந்துக்குள் வேப் கொண்டு போவதே குற்றம்.